கூரையில்லாத அறைக்குப் பால் காய்ச்சினோம்

கள்ளக்குறிச்சி
5.9.2024

அன்புத் தங்கை ஜெயசுதாவுக்கு அண்ணன் தீனதயாளன் எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மலை இறங்கும்வரை வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இப்போது சரியாகிவிட்டது. அபிநயாவின் காது எப்படி இருக்கிறது? குத்தின இடத்தில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள். நீ நர்ஸ், உனக்கே சொல்கிறேனா என்பாய். தாய்மாமன் சொன்னதாக வைத்துக்கொள். மாப்பிள்ளை ஜீவாவை விசாரித்ததாகச் சொல். உங்கள் ஊருக்கு டவர் வரும்வரை நமக்குத் தபால்தான் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சமையல்கட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு மூடியிருந்த இடம் உனக்குத் தெரியும். காயில் கம்பி எரிந்துபோன மோட்டார்களில் ரிப்பேர் கடையில் வைக்க இடமில்லாதவையெல்லாம் அங்கேதான் கிடந்தன. போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகரத்தைப் பிரித்துவிட்டேன். வெயில் காலத்தில் சமையல்கட்டு கொதிக்கிறது, மழைக்கு ஒழுகுகிறது, எலித் தொல்லை வேறு. அதனால்தான். மோட்டார்களைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இப்போது நான்கு சுவரும் மேலே வானமுமாக இருக்கிறது.

கடைக்கு வந்த ஒருவர் போனில் படம் காட்டினார். டவுனில் சின்ன வீட்டுக்காரர்கள் பின்பக்கத்தைத் தோட்டமும் அறையும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி செய்துகொள்கிறார்களாம். தரை உண்டு, உட்கார இடம் உண்டு, சுவரோரம் செடி உண்டு, கூரை மட்டும் கிடையாது. எனக்கும் அப்படி ஒரு ரூம் வேண்டும். நீ நன்றாக வரைவாய். ஒரு படம் போட்டு அனுப்பு.

கிழக்கு மேற்கில் பதினான்கு அடி, தெற்கு வடக்கில் பதினெட்டு அடி. தெற்கே சமையல்கட்டுக் கதவு. கிழக்கே குழாயும் துணி துவைக்கிற கல்லும். மேற்கே பக்கத்து வீட்டுக் காசிம் பீவி அக்காவின் ஜன்னல் நேராக நம் இடத்தைப் பார்க்கிறது. பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை நேர் வெயில். இரண்டு நாற்காலி போடுகிற மாதிரி இருக்கட்டும்.

உன் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீச்சருக்குச் செடி கொடி விவரம் தெரியும் என்று சொன்னாய். வேண்டுமானால் அவரையும் கேள். கட்டாயமில்லை.

உங்கள் மூவரின் சுகத்தையும் விரும்பும்
அண்ணன்


கல்வராயன் மலை
14.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஜெயசுதா வணக்கத்துடன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அபிநயா காது ஆறிவிட்டது. மாமா வாங்கித் தந்த கம்மலைக் காட்டுவதற்காகவே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நடக்கிறாள்.

தகரத்தைப் பிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தால் நம்பியிருப்பேன். மூன்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். அமிர்தம் அண்ணியும் நானும் அந்த மோட்டார்களை எடுக்கச் சொல்லி வருஷக்கணக்கில் கெஞ்சினோமே, அப்போதெல்லாம் வெயில் அடிக்கவில்லையா?

அப்புறம், இரண்டு நாற்காலி. அண்ணி போய் ஏழு வருஷம் ஆகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் கடிதமே போட மாட்டேன் என்று நீங்கள் போட்ட உத்தரவு ஞாபகம் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. ஒரே ஒரு ஆள் இருக்கிற வீட்டில் இரண்டாவது நாற்காலி யாருக்கு என்று நாற்காலியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

நான் வரைந்த படத்தை அம்சவள்ளி டீச்சர் பார்த்துவிட்டு, இது ரூம் இல்லை, நர்சரிக் கடை என்று சொல்லிவிட்டார். உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சர், சொந்த ஊர் திருநாவலூர். பள்ளிக்கூடத்துக் காய்கறித் தோட்டமெல்லாம் இவர் கைதான். காதுகுத்துக்கு வந்திருந்தாரே, பார்த்திருப்பீர்கள். நாற்பத்திரண்டு வயதாகிறது. மூன்று மாப்பிள்ளை வீடு பார்த்து மூன்றையும் வேண்டாம் என்றவர். வீடு பார்க்கப் போனால் நேராகப் பின்கட்டுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பாராம். மூன்று வீட்டிலும் தகரம் போட்டு அடைத்து வைத்திருந்தார்களாம். இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவர் கேட்கச் சொன்னது: அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? பேப்பர் படிப்பதா, டீ குடிப்பதா, சாப்பிடுவதா, சும்மா உட்காருவதா? என்ன செய்கிறோம் என்று தெரிந்தால்தான் அது அறையாகும், இல்லாவிட்டால் வெறும் இடம்தான் என்கிறார். பதில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் படம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் தங்கை
ஜெயசுதா


கள்ளக்குறிச்சி
19.9.2024

ஜெயசுதாவுக்கு,

நலம். கடையில் வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

பேப்பர் படிக்கலாம். காலையில் டீ குடிக்கலாம். சும்மாவும் உட்காரலாம். பேசிக்கொண்டும் இருக்கலாம். டீச்சர் எதைச் சரி என்கிறாரோ அப்படி.

எழுந்து நின்று பார்த்தேன், காற்று வடக்கிலிருந்து வருகிறது. அதையும் சொல்.

அண்ணன்


கல்வராயன் மலை
4.10.2024

அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் நலம். மழை பிடித்துக்கொண்டதால் அபிநயாவுக்குச் சளி, வேறு ஒன்றுமில்லை.

சாதாரணமாக என் கடிதத்துக்கு நீங்கள் பதில் போட ஒரு மாதம் ஆகும். இந்தத் தடவை என் கடிதம் மலை இறங்கினதும் உங்களுடையது ஏறிவிட்டது. கடையில் வேலை அதிகமாம். நம்பிவிட்டேன்.

"பேசிக்கொண்டும் இருக்கலாம்" என்று எழுதியிருந்த இடத்தில் டீச்சர் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு உட்கார்ந்து படம் போட்டார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அபிநயாவின் கட்டம் போட்ட நோட்டில் இரண்டு தாள் போயிற்று.

நடுவில் ஒன்றும் வைக்கக் கூடாது, நடுவிடம் மனுஷருக்கு என்கிறார். செடியெல்லாம் சுவரோரமாக, முழங்கால் உயரத்துக்குக் கட்டைச்சுவர் கட்டி மண் நிரப்பி அதில். அந்தக் கட்டையின் மேல் ஆளும் உட்காரலாம். வடக்கு ஓரத்தில் ஒரே ஒரு மரம், நாரத்தை. வடக்குக் காற்று அதன்மேல் பட்டு நாற்காலிக்கு வரும்போது வாசனையோடு வரும். கன்று இங்கிருந்தே கொடுத்தனுப்புகிறார். காசிம் பீவி அக்காவின் ஜன்னலுக்கு எதிரில் மருதாணி வேலி. சுவரை உயர்த்திக் கட்டினால் அவர்களுக்குக் காற்று போய்விடும், செடியென்றால் இரண்டு பக்கமும் நிம்மதி.

இன்னொன்று எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அண்ணியின் துவைக்கிற கல். படத்தில் குழாய்ப் பக்கம் காலியாக விட்டு, "இங்கே இருந்த கல் என்ன ஆகிறது?" என்று டீச்சர் கேட்டார். அது அண்ணி துவைத்த கல் என்றேன். உடனே அழிப்பானை எடுத்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, ஒரு பெஞ்சு வரைந்தார். "கல்லை எங்கயும் போட்டுடாதீங்கன்னு சொல்லு. சாய்வை நிமித்திப் போட்டா அதுமேலயே ஒக்காரலாம்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

அன்புடன்
ஜெயசுதா


கள்ளக்குறிச்சி
18.10.2024

அன்புத் தங்கைக்கு அண்ணனின் ஆசிகள். சளி விட்டதா? துளசியைக் கசக்கிக் கொடு. எனக்கு உடம்புக்குச் சுகம், மனதுக்குத்தான் சுகமில்லை. காரணம் மேஸ்திரி நாராயணசாமி.

இந்தத் தெருவில் பாதி வீட்டுக்குத் தரை போட்டவர். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பின்னால் ஒரு ரூம் பண்ண வேண்டும் என்று சொல்லிக் கூப்பிட்டேன். டேப்பைப் பிடித்தார். பதினான்கு, பதினெட்டு என்று வந்ததும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். இங்கே அறை கட்டுகிறவர்கள் உள்ளளவுக்கு மனையடி பார்த்துத்தான் கட்டுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அடிக்கு ஒரு பலன். பதினான்கு கஷ்டமாம். பதினெட்டு அதைவிட மோசமாம்.

இது ரூம் இல்லை, தோட்டம் என்றேன்.

"இன்னா சார் நீங்க, ரூமுன்னு சொல்லித்தானே இட்டாந்தீங்க? வாயால சொன்னப்புறம் அது ரூமுதான். ரூமுன்னா மனையடி உண்டு. தெரிஞ்சுக்கினே பதினாலுல தரை போட்டுட்டு, நாளைக்கு இந்த வூட்ல ஒண்ணுன்னா எனக்குச் சோறு எறங்குமா?"

கூரையே இல்லையே என்றேன். கூரை இல்லாவிட்டால் கெட்டது நுழைவதற்கு இன்னும் சுலபம் என்றார். வேறு மேஸ்திரியைக் கூப்பிடலாம் என்றால், இவர் விட்ட வேலையை இந்த ஊரில் எவரும் தொட மாட்டார்கள். மணலும் செங்கல்லும் வாசலில் கிடக்கின்றன. நாரத்தங்கன்று சாக்கிலேயே இருக்கிறது. தினமும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன்.

எனக்கு மனையடியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் காதில் விழுந்தபிறகு விலகமாட்டேன் என்கிறது. இந்த வீட்டில் ஒரு தடவை நடந்தது போதும். இனி இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. தோட்டம் வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நல்ல படம்.

காசிம் பீவி அக்கா மட்டும் மருதாணிக்குக் குச்சி வெட்டி வைத்துக்கொண்டு, எப்போது நடப் போகிறாய் என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

குழப்பத்துடன்
அண்ணன்


கல்வராயன் மலை
3.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தீபாவளி முடிந்து அதிரசத்தோடு உட்கார்ந்து எழுதுகிறேன். அனைவரும் சுகம். சளி போய்விட்டது.

உங்கள் கடிதத்தை டீச்சரிடம் படித்துக் காட்டினேன். மனையடிப் பகுதி வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். கணக்கு டீச்சர் அல்லவா? எது எது நல்ல அடி என்று கேட்டார். பதினொன்றும் பதினாறும் நல்லது என்று ஜீவா சொன்னார். அவ்வளவுதான், தீர்ந்தது. மேற்கே மருதாணிப் பாத்தியைக் கட்டையோடு சேர்த்து மூன்று அடி ஆக்குங்கள். வடக்கே நாரத்தைப் பாத்தி இரண்டு அடி. நடுவில் தரை பதினொன்றுக்குப் பதினாறு. மேஸ்திரி சொன்னதால் பாத்தி அகலமாயிற்று, செடிக்கு இன்னும் நல்லது, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொல் என்றார். பேசும்போது முகமெல்லாம் சந்தோஷம்.

அண்ணா, "இனி இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இருப்பது நீங்கள் ஒரே ஒருவர். யாருக்கு என்று பயப்படுகிறீர்கள்?

உங்கள் உத்தரவை மீறுகிறேன், திட்டுங்கள். ஏழு வருஷமாக ஓட்டல் சாப்பாடும் நீங்களுமாக இருப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. அம்சவள்ளி டீச்சரிடம் கேட்டுப் பார்க்கட்டுமா? ஆம் என்று ஒரு வரி போதும்.

உங்கள்
ஜெயசுதா


கல்வராயன் மலை
12.12.2024

அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நாற்பது நாளாகிறது, ஒரு வரி இல்லை. அந்தப் பெருமழையில் கீழே ஊரெல்லாம் தண்ணீர் என்று கேள்விப்பட்டு வெள்ளிமலைவரை போய்ப் போன் செய்தேன். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் எழுதியதற்குக் கோபமா? கோபமென்றால் திட்டி எழுதுங்கள். திட்டுக்கூட இல்லாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

டீச்சரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சத்தியமாக. தபால் வரும் நேரத்துக்கு அவரும் வாசலில் வந்து நிற்கிறார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஜெயசுதா


கள்ளக்குறிச்சி
22.12.2024

அன்புத் தங்கை ஜெயசுதாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. கடிதம் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பதினொன்று பதினாறு என்று நான் சொன்னதும் மேஸ்திரி டேப்பை வெளியே எடுத்துவிட்டார். பாத்தி கட்டி முடித்து, தரை போட்ட நான்காம் நாள் மழை. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வாட்டம் சரியில்லை. எல்லாவற்றையும் பெயர்த்து, குழாய்ப் பக்கம் சரிவு வைத்து மறுபடி போட்டார். அவர் தப்பு, அவரே ஒத்துக்கொண்டார். நாரத்தங்கன்று தண்ணீரில் நின்றும் சாகவில்லை, இரண்டு துளிர் விட்டிருக்கிறது.

தாமதத்துக்கு மழை காரணமில்லை. கல்தான் காரணம். அதைப் பெயர்க்க ஆள் வந்தபோது, நாளைக்கு வா, நாளைக்கு வா என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். அமிர்தம் அதன்மேல் துணியை அடிக்கிற சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கே இன்னொருவரை உட்கார வைப்பதா என்று தோன்றியது. பிறகு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. உன் அக்டோபர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கல்லை எங்கேயும் போடவில்லை. நிமிர்த்திப் போட்டாயிற்று. முதலில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அமிர்தம் இருந்திருந்தால், இத்தனை வருஷம் கழித்தாவது மோட்டாரை எடுத்தாயே என்று சிரித்திருப்பாள். நானும் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதவில்லை என்று சொல்வாய். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், செப்டம்பரிலிருந்து.

அண்ணன்


கள்ளக்குறிச்சி
10.1.2025

ஜெயசுதாவுக்கு அவசரக் கடிதம். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

நைனார்பாளையத்தில் ஒரு போர் மோட்டார் வேலையாக இரண்டு நாள் போயிருந்தேன். திரும்பி வந்து சமையல்கட்டுக் கதவைத் திறந்தால், எதிரில் வானத்தைப் பார்த்தபடி ஒரு வாசல் நிலை நிற்கிறது. வேப்பமர நிலை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு நட்டிருக்கிறார் மேஸ்திரி. மேலே கூரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை. நிலை மட்டும் நிற்கிறது.

இது என்ன மேஸ்திரி என்றேன். "நெலை இல்லாத ரூமு ஏது சார்? ரிஷிவந்தியத்துல ஒரு பழைய வூடு இடிச்சாங்க, நல்ல மரம், நம்ம வூட்டுக்குன்னு எட்டாந்தேன்" என்றார். சந்தோஷத்தை எழுதி ஒட்டின மாதிரி முகம். பிடுங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசிம் பீவி அக்கா ஜன்னலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

அதோடு விட்டாரா? நிலை வைத்தால் பால் காய்ச்சியே ஆக வேண்டுமாம். தை இருபது, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி என்று நாளும் பார்த்துவிட்டார். வீட்டுப் பெண்பிள்ளை கையால்தான் காய்ச்ச வேண்டுமாம். இந்த வீட்டுக்குப் பெண்பிள்ளை நீதான். முதல் பஸ்ஸில் வந்துவிடு.

டீச்சரையும் கூப்பிடு. படம் போட்டவர் வந்து பார்க்க வேண்டாமா? நாற்காலி இரண்டும் வாங்கிவிட்டேன்.

எதிர்பார்க்கும்
அண்ணன்


கல்வராயன் மலை
1.2.2025

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, அம்சவள்ளி டீச்சர் கையில் வருகிறது. கூடவே அபிநயாவும்.

என்னால் வர முடியவில்லை. இருசம்மாள் என்று ஒரு பெண், தலைப்பிரசவம், வலி கண்டுவிட்டது. விட்டுவிட்டு எப்படி வருவேன்? ஜீவாவுக்கும் ஆபீஸில் கணக்கு முடிக்கிற வேலை. டீச்சரிடம்தான் கெஞ்சினேன், என் இடத்தில் நின்று பாலைக் காய்ச்சிவிட்டு வாருங்கள் என்று. முதலில் யோசித்தார். பிறகு, அங்கே தரைக்கு வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், போகிறேன் என்றார்.

பால் சட்டி என்னுடையது, பத்திரம். மற்றபடி நீங்கள் அங்கே வாயைத் திறக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இங்கிருந்தே கும்பிடும்
ஜெயசுதா


கள்ளக்குறிச்சி
9.2.2025

அம்சவள்ளி டீச்சர் அவர்களுக்குத் தீனதயாளன் வணக்கத்துடன் எழுதுவது.

நல்லபடியாக மலை ஏறினீர்களா? அபிநயா பஸ்ஸில் படுத்தவில்லையே? உங்களுக்கு எழுதுவது இது முதல் தடவை. தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

அன்றைக்குப் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மேஸ்திரி இன்றுவரை அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காசிம் பீவி அக்கா, "யாருப்பா அந்தப் புள்ள? வந்ததும் வராததுமா என் மருதாணிக்குத் தண்ணி ஊத்திச்சே" என்று தினமும் கேட்கிறார். தெரிந்தவர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் உள்ளே வந்ததும் நிலையைப் பார்த்துச் சிரித்தீர்கள். பிறகு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தீர்கள், ரொம்ப நேரம். நாற்காலியில் உட்காரவில்லை. நேராகப் போய்க் கல்லின்மேல் உட்கார்ந்து, அதைக் கையால் தடவினீர்கள். "அவங்க பேரு அமிர்தம்தானே?" என்று கேட்டீர்கள். இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் என்னிடம் பேசி ஏழு வருஷம் ஆகிறது. அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சர்க்கரை போதுமா என்று கேட்டதுதான் நான் அன்று முழுக்கப் பேசியது. மோட்டாரைக் கழற்றிப் பூட்டுகிறவனுக்குப் பேச்சைக் கோக்கத் தெரியவில்லை.

இரண்டாவது நாற்காலி யாருக்கு என்று ஜெயசுதா செப்டம்பரிலேயே கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்குத்தான். நாற்காலி மட்டும் இல்லை, வீடும். எனக்கு நாற்பத்தேழு வயது. சமைக்க வராது, காற்றாடி சத்தம் போட்டால் உடனே சரி செய்து கொடுப்பேன். உங்களுக்குச் சம்மதமா?

வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். தோட்டத்துக்கு அதனால் ஒன்றும் வராது, தினமும் தண்ணீர் ஊற்றுவேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
தீனதயாளன்


கல்வராயன் மலை
16.2.2025

தீனதயாளன் அவர்களுக்கு அம்சவள்ளி எழுதுவது.

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவில்லை. கடிதத்தில் அடித்து அடித்துத் திருத்தியிருப்பதிலேயே தெரிகிறது. அதற்கு மருந்து முதலில் எழுதிவிடுகிறேன்: சம்மதம்.

இனி மற்றதைச் சொல்கிறேன். காதுகுத்து அன்று மத்தியானம், ஜெயசுதா டீ போடப் போயிருந்தாள். மூன்று மாப்பிள்ளை வீட்டுக் கதையை உங்களிடம் சொன்னது நான். "கீழ வூடுங்கள்ல அண்ணாந்து பாத்தா தகரந்தாங்க தெரியுது" என்றேன். எல்லோரும் சிரிக்கிற கதை அது. நீங்கள் சிரிக்கவில்லை. டீ வந்தது, ஆறிப்போனது, நீங்கள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பத்து நாள் கழித்துத் தகரம் பிரித்த சமாசாரம் வருகிறது, மூன்று காரணத்தோடு. ஜெயசுதா சத்தமாகப் படித்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காம்பைச் சட்டியில் போட்டுவிட்டு இலையைக் குப்பையில் போட்டேன். அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டனுப்பினேனே, அது தோட்டத்துக்காக மட்டும் கேட்டதில்லை. பேசிக்கொண்டும் இருக்கலாம் என்று எழுதினீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டீர்கள் பாருங்கள், அதை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு தனியாகக் கேட்பேன்.

இருசம்மாளுக்குப் பெண் குழந்தை. நீங்கள் விசாரிக்கவில்லை, நானே சொல்கிறேன். அது வெள்ளிக்கிழமை சாயந்தரமே பிறந்துவிட்டது. எனக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். சனிக்கிழமை ஜெயசுதா அந்தக் கடிதத்தை எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தெரிந்தேதான் முதல் பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் தான்தான் நடத்தி வைத்ததாக அவள் பூரித்துப்போய் இருக்கிறாள். அப்படியே இருக்கட்டும், நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

பரீட்சை முடியட்டும், சித்திரையில் வைத்துக்கொள்ளலாம். மாற்றலுக்கு எழுதிப் போடுகிறேன். கிடைக்கும்வரை சனி ஞாயிறு நான் கீழே வருவேன். கல் அங்கேயே இருக்கட்டும். நிலைக்குக் கதவு போட வேண்டாம். மேலே ஒரு நாளும் தகரம் போடக் கூடாது, பந்தலும் கூடாது.

மழை வந்தால் உள்ளே வா என்று என்னைக் கூப்பிடாதீர்கள். நிலை வைத்து, அடி பார்த்து, பால் காய்ச்சின அறை அது. நான் உள்ளேதான் இருப்பேன். ஒரு குடையை எடுத்துக்கொண்டு நீங்கள் வாருங்கள்.

இப்படிக்கு
அம்சவள்ளி